‘ரெடிமேட்’ ராஸ்பெரி பை ரௌட்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ராஸ்பெரி பை 4 பலகை (ஒரே பலகையில் அடங்கிய சின்னக் கணினி), ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, விசிறி, ‘செம்பு’ ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு), யூ.எஸ்.பி. லேன் அடாப்டர் (யூ.எஸ்.பி.யில் செருகி இன்னொரு இணையக் கம்பியை மாட்ட உதவுவது), சார்ஜர், ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. (ரௌட்டருக்கான இலவச இயங்குதளம்) ஏற்றிய மெமரி கார்டு. இவற்றையெல்லாம் பூட்டி, ‘வயரைச் செருகினால் ரௌட்டர்’ என்று சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன், 15,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலை. பூட்டித் தருவதற்கென்று தனிக் கட்டணமும் அதற்குள் அடக்கம். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தெருவில் நேர்மையான கடைகளும் நிறைய உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் எனக்குச் சரியான சாமான்களைக் கொடுத்ததும் அதே தெருவில் உள்ள ஒரு சின்னக் கடைதான்.

இந்தத் தொகுப்பில் அசல் பொருள் ஒன்றே ஒன்று: பலகை. ஏமாற்றின் சூட்சுமமும் அதுதான். வாங்குகிறவர் கண் பலகையின் மீதுதான் போகும். அது அசல் என்று உறுதியானதும் மற்றவற்றைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்தப் பலகையிலும் 8 ஜி.பி. நினைவகம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ‘நாளைக்கு வேகம் கூட்டினால் தாங்க வேண்டாமா சார்?’ என்பது கடைக்காரரின் கேள்வி. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஓடுவதற்கு 128 எம்.பி. நினைவகம் போதும். விளம்பரத் தடுப்பு, வேகப் பகிர்வு எல்லாம் சேர்த்தாலும் 1 ஜி.பி. தாராளம். ரௌட்டருக்கு 8 ஜி.பி. விற்பது வியாபாரத் திறமை என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு வருவதை அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டு இணைப்பு 300 எம்.பி.பி.எஸ். இந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து 94-ஐத் தாண்டவில்லை. அதுவும் காலையில்தான். மே மாதக் கத்திரி வெயில். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பக்கங்கள் திறக்கத் திணறும், அலுவலகக் கூட்டத்தில் என் குரல் துண்டு துண்டாகப் போகும், திடீரென்று இணைப்பே அறுந்து ஒரு நிமிடம் கழித்துத் தானாக வரும். கடைக்குத் தொலைபேசியில் சொன்னால், ‘லைனில்தான் கோளாறு சார், எங்கள் பொருளில் இல்லை’ என்று பதில். லைன்காரர் வந்தார். தன் மடிக்கணினியை ஃபைபர் மோடத்தில் நேராகச் செருகிக் காட்டினார்: 300-க்கு ஓரிரண்டு கூடவே வந்தது. பாவம், அவரை வெயிலில் வரவழைத்ததுதான் மிச்சம்.

94 என்ற அந்த எண்ணே விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் மேற்செலவு (தரவோடு கூடவே போகும் கட்டுப்பாட்டுத் தகவல்) போக நடைமுறையில் கிடைப்பது அவ்வளவுதான். ராஸ்பெரி பை 4-இல் உள்ள லேன் துளை ஒன்றே. அது உண்மையான கிகாபிட், அதாவது 1,000 எம்.பி.பி.எஸ். ரௌட்டருக்கு இரண்டு துளைகள் வேண்டும் என்பதால் இரண்டாவதை யூ.எஸ்.பி. 3 வழியாகச் சேர்க்கிறார்கள். ரியல்டெக் 8153 சில்லு உள்ள அடாப்டர் என்றால் வேலை ஒழுங்காக நடக்கும். என்னிடம் கொடுத்த அடாப்டரின் மேலே ‘யூ.எஸ்.பி. 3.0, கிகாபிட்’ என்று அச்சிட்டிருந்தது. இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை ஓட்டினால் அடையாள எண் 8152 என்று வந்தது. அது யூ.எஸ்.பி. 2-இல் இயங்கும், 100-ஐத் தாண்டாத சில்லு. விலையிலும் பெரிய வித்தியாசம்.

கட்டளை எதுவும் தெரியாதவர்கள்கூடக் கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். அடாப்டரின் யூ.எஸ்.பி. முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். யூ.எஸ்.பி. 3 முனையில் முன்வரிசையில் நான்கு தகடுகளும், அவற்றுக்குப் பின்னால் உள்ளே தள்ளி ஐந்து சிறிய தகடுகளும் இருக்கும். என் அடாப்டரில் நாக்கு மட்டும் அழகான நீல நிறம், பின்வரிசை மொட்டை. நீலப் பிளாஸ்டிக் வார்ப்பதற்கு எவரும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

இனி வெப்பத்துக்கு வருகிறேன். ராஸ்பெரி பை 4-இன் செயலி (புராசஸர்) 80 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். 85-ஐத் தொட்டால் இன்னும் கடுமையாகக் குறைக்கும். எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலகை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.க்கு அடித்தளமான லினக்ஸே ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். ஆயிரத்தால் வகுத்துப் படிக்க வேண்டும். ஒரு பிற்பகலில் அதில் 83,700 என்று இருந்தது, அதாவது 83.7 டிகிரி. வெறும் ரௌட்டர் வேலைக்கு இந்தச் செயலி இவ்வளவு கொதிக்காது. வேகத்தைச் சீராகப் பங்கிடும் வசதியும் அலுவலக வி.பி.என்.-னும் (தரவைக் குறியாக்கம் செய்து அனுப்பும் பாதுகாப்பு இணைப்பு) சேர்ந்து ஓடும்போது சூடு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காகத்தானே ஹீட் சிங்க்கும் விசிறியும்?

பெட்டியைத் திறந்தேன். ‘செம்பு’ ஹீட் சிங்க்கை நகத்தால் நெம்பியதும் அது லேசாக எழும்பி வந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ ஒன்று சூயிங்கம்மைப்போல இழுபட்டது. சுவரில் படம் ஒட்டப் பயன்படுத்தும், இருபுறமும் பசையுள்ள பஞ்சு டேப். செயலியின் உலோக மூடிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பஞ்சு! நல்ல தெர்மல் பேட் (சூட்டைச் செயலியிலிருந்து ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் மெத்தை) ஒன்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 3 முதல் 6 வாட் வரை இருக்கும். பஞ்சு டேப்பில் அது 0.1-ஐ ஒட்டித்தான் இருக்கும். அது வெப்பத்தைத் தடுக்கும் பொருள். சூடு கீழேயே அடைபட்டுக் கிடக்க, மேலே குளிர்ந்த உலோகத்தின் மீது விசிறி மும்முரமாகக் காற்றடித்துக்கொண்டிருந்தது.

அந்த உலோகமும் செம்பு இல்லை. சாவி முனையால் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் போட்டதும் வெள்ளி நிறம் பல்லிளித்தது. செம்பு நிறம் ஏற்றிய அலுமினியம். கையில் எடுத்தாலே தெரியும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அலுமினிய ஹீட் சிங்க் இந்தப் பலகைக்குப் போதாது என்று சொல்ல வரவில்லை. சரியான பேடுடன் ஒட்டினால் அதுவே நன்றாக வேலை செய்யும். செம்பு விலை வாங்கிக்கொண்டு அலுமினியத்தைத் தந்ததுதான் புகார்.

விசிறியைப் பற்றி விளம்பர அட்டையில் ‘சூட்டுக்கு ஏற்பத் தானாக இயங்கும்’ என்று இருந்தது. சிவப்பு, கறுப்பு என்று அதில் இரண்டே கம்பிகள், நேராகப் பலகையின் 5 வோல்ட் முனையிலும் கிரவுண்ட் முனையிலும் செருகியிருந்தார்கள். சூட்டைப் பார்த்து விசிறியை இயக்க வேண்டுமென்றால் பலகையிலிருந்து ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி வர வேண்டும், அல்லது நடுவில் ஒரு டிரான்சிஸ்டராவது இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. இரவும் பகலும் ஒரே வேகத்தில் சுற்றி, சீக்கிரமே கரகரவென்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு விசிறி மூடியில், காற்று உள்ளே வர வேண்டிய துளைகள் பெட்டியின் அடியில். அந்தத் துளைகளின் மேல் கடையின் பெயர் போட்ட வாரண்டி ஸ்டிக்கர்! ‘ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும்’ என்று எச்சரிக்கை வேறு. டி.வி.க்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொன்னதும் இதே கடைதான். காற்றோட்டமில்லாத அந்த மூலையில் வைத்தால் எந்த விசிறியும் சூடான காற்றையே திருப்பித் திருப்பி அடிக்கும்.

இணைப்பு அறுந்து அறுந்து வந்ததற்குக் காரணம் வேறு. அது சார்ஜர். ராஸ்பெரி பை 4-க்கு நிறுவனமே தரும் சார்ஜர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். எனக்குக் கிடைத்தது ‘33 வாட்’ என்று பெரிதாக அச்சிட்ட கைப்பேசி சார்ஜர். ‘ஒரிஜினலைவிட இரண்டு மடங்கு பவர் சார்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அடியில் உள்ள பொடி எழுத்தை உருப்பெருக்கியில் படித்தால், 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் மட்டுமே. மீதித் திறனெல்லாம் 9 வோல்ட்டிலும் அதற்கு மேலும், கைப்பேசி கேட்டால்தான் வெளிவரும். ராஸ்பெரி பை 4 கேட்பது 5 வோல்ட்தான். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகை அதைக் குறித்துக்கொள்ளும். திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் குறி தோன்றும். ரௌட்டருக்குத் திரை ஏது? அதனால் யாருக்கும் தெரியாமலே போகும்.

ராஸ்பெரி பையின் சொந்த இயங்குதளத்தை வேறு கார்டில் ஏற்றி, காலையில், பலகை சூடேறுவதற்கு முன்பே அதன் நிலையைக் கேட்டுப் பார்த்தேன். விடை 50005 என்று முடிந்தது. மின்னழுத்தம் இந்த நொடியில் குறைவு, அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது, பலகையை இயக்கியதிலிருந்து இவை இரண்டும் முன்பும் நேர்ந்திருக்கின்றன என்பது அதன் பொருள். மின்சாரம் போதாதபோது முதலில் தள்ளாடுவது யூ.எஸ்.பி.யில் தொங்கும் அடாப்டர். அது அறுந்தால் வீட்டுக்கே இணையம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். மெமரி கார்டில் இருந்ததுதான் எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைத்தது. ஏற்றியிருந்தது ஆதரவு முடிந்துபோன ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. 21.02 பதிப்பு. தீச்சுவர் (ஃபயர்வால்) விதிகளில் வெளிப்பக்கத்திலிருந்து, அதாவது இணையத்திலிருந்து, எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்தே கருவிக்குள் நுழைந்து கட்டளை இடும் வழி) வழியாக நுழைய அனுமதி திறந்து கிடந்தது. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. இயல்பாகவே வெளிப்பக்கத்தை அடைத்து வைத்திருக்கும். ஒருவர் வேலை மெனக்கெட்டுத் திறந்தால்தான் திறக்கும். நிர்வாகப் பக்கத்தில் எஸ்.எஸ்.எச். சாவிகள் (கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடுபவை) என்ற பிரிவில் நான் சேர்க்காத சாவி ஒன்றும் இருந்தது. கேட்டதற்கு, ‘சர்வீஸுக்காக சார், எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுத் தருகிறோம்’ என்றார்கள். எல்லாருக்கும்! ஆக, இந்தத் தொகுப்பை வாங்கிய ஒவ்வொரு வீட்டின் கதவுக்கும் கடையில் ஒரு சாவி இருக்கிறது. ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள் வேகத்தையும் வெப்பத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே அந்தக் கார்டை அழித்து, ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. தளத்திலிருந்து ராஸ்பெரி பை 4-க்கான புதிய பதிப்பை நீங்களே இறக்கி ஏற்றுங்கள். பழைய அமைப்புகளைக் காப்பெடுத்துப் புதியதில் கொட்டாதீர்கள், சாவியும் கூடவே வந்துவிடும். கடவுச்சொல்லையும் புதிதாக வையுங்கள்.

வி.பி.என். பிரமாதமாக ஓடும் என்று சொல்லி விற்றதையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். ராஸ்பெரி பை 4-இன் சில்லில் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறைக்கான தனி வசதி கிடையாது. அதனால் ஓப்பன் வி.பி.என். என்ற மென்பொருள் அதில் மூச்சு வாங்கும். வயர்கார்டு என்ற வேறு வி.பி.என். மென்பொருள் என்றால் பரவாயில்லை.

இப்போது வீட்டில் ஓடுவது அதே பலகைதான். பெட்டியே ஹீட் சிங்க்காக இருக்கும் அலுமினிய உறை ஒன்று வாங்கினேன். விசிறி கிடையாது. செயலியின் மேல் மட்டுமல்லாமல் நினைவகச் சில்லின் மேலும் பேட் வைக்க இடம் உண்டு. பேடின் இரண்டு பக்கமும் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு வைக்க வேண்டும், திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும், வேறு வித்தை ஒன்றுமில்லை. 5.1 வோல்ட் அசல் சார்ஜர், 8153 அடாப்டர். டி.வி.க்குப் பின்னாலிருந்து எடுத்துத் திறந்த அலமாரியில் நிமிர்த்தி வைத்தேன். அதே கத்திரி வெயிலில், பிற்பகலில் 60 டிகிரியைத் தாண்டவில்லை. வேகமும் மோடத்தில் நேராக அளந்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். புதிதாக வாங்குகிறவர்கள் ராஸ்பெரி பையோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. நானோபை ஆர்4எஸ் போன்ற பலகைகளில் இரண்டு கிகாபிட் துளைகளும் பலகையிலேயே இருக்கின்றன, அதன் உலோகப் பெட்டியே சூட்டை வாங்கிக்கொள்கிறது.

பில் விஷயம் பாக்கி. ஜி.எஸ்.டி. எண் இல்லாத ‘எஸ்டிமேட்’ சீட்டைத்தான் கொடுத்தார்கள். கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் முத்திரை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. அந்த முத்திரையைக் காட்டி மிரட்டினால் மிரள வேண்டாம். யூ.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்ஆப்பில் கடைக்காரர் அனுப்பிய பொருள் விவரம், பஞ்சு டேப்பின் படம் ஆகிய மூன்றையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகுதான் கடையில் குரல் மாறியது. முதலில், ‘அதே விலைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி’ என்றார் முதலாளி. மறுத்தபோது அடாப்டருக்கும் சார்ஜருக்கும் உரிய பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஹீட் சிங்க், விசிறி, பெட்டி, பூட்டிய கூலி எதற்கும் தர முடியாதாம், ‘பயன்படுத்திவிட்டீர்களே’ என்கிறார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டதாக இருந்தால் கட்டணம் கிடையாது, இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. இதே தொகுப்பை வாங்கியவர்கள் ஸ்டிக்கரைக் கிழிப்பதற்கு முன் ஒரு படம், ஹீட் சிங்க்கைப் பெயர்த்த பின் ஒரு படம், எஸ்.எஸ்.எச். சாவிகள் பக்கத்தின் படம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டை அழிப்பதற்கு முன் எடுங்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தொகுப்பு இன்னும் விற்பனையில் இருக்கிறது, பெட்டியின் நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றியிருக்கிறார்கள்.