கடைக்காரர் பாக்கி தராதபோது எந்த வகுப்பு கைகொடுக்கும்?

பெருந்துறையில் என் அண்ணி சுக்குமல்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து இருபது மளிகைக் கடைகளுக்குப் போடுகிறார். விற்பனையில் குறையில்லை, வசூலில்தான் இழுபறி. “ஏதாவது ஆன்லைன் வகுப்பில் சேரட்டுமா, தம்பி?” என்று கேட்டார். அவருக்காக ஒரு மாதம் இந்த வகுப்புகளுக்குள் நானே புகுந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நான் வைத்த கேள்வி ஒன்றே: சரக்கு போய்விட்டது, காசு வரவில்லை, என்ன செய்வது?

99 ரூபாய் வெபினாரை, அதாவது இணையத்தில் நேரலையாக நடக்கும் வகுப்பை, முதலில் முடித்துவிடலாம். முதல் ஒரு மணி நேரம் பேச்சாளரின் சொந்தக் கஷ்டகாலம், அடுத்த அரை மணி நேரம் அவருடைய கார். கடைசியில் பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெரிய வகுப்பு. சலுகை அன்றிரவு பன்னிரண்டு மணி வரை மட்டுமே. பாக்கி பற்றி நான் எழுதிய கேள்வி, வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவே மேலே போய் மறைந்தது.

ஒய் காம்பினேட்டர் நடத்தும் ஸ்டார்ட்அப் ஸ்கூல் வேறு உலகம். ஏர்பிஎன்பி, டிராப்பாக்ஸ் போன்ற நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் பணம் போட்ட அமெரிக்க நிறுவனம் அது. வகுப்பு முழுவதும் இலவசம், ஆங்கிலத்தில். வேகமாகப் பெருகும் தொழில்தான் அதன் கண்ணில் தொழில். இருபது கடைக்குப் பொடி போட்டு நிம்மதியாக வாழ நினைப்பவரை அது கணக்கில் எடுக்காது. ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி என்ற ஒரு பாடத்துக்காகவே அதை மன்னிக்கலாம். ‘இதை வாங்குவீர்களா?’ என்று கேட்காதே. கடந்த முறை என்ன நடந்தது என்று கேள் என்கிறது அந்தப் பாடம். நம் ஊரில் முதல் கேள்வியைக் கேட்டால் யார்தான் முகத்துக்கு நேரே இல்லை என்பார்கள்? அண்ணியிடம் இதைச் சொன்னேன். ஒரு கடைக்காரரிடம் அவர் கேட்டார்: “போன வாரம் யாருக்கு முதலில் பணம் கொடுத்தீர்கள், அண்ணா?” பால்காரருக்காம். ஏன்? கொடுக்காவிட்டால் மறுநாள் பால் இறங்காது.

கோர்சேரா என்ற இணையப் பாடத் தளத்தில், அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியின் தொழில்முனைவுத் தொகுப்பு நான்கு பாடங்களும் ஒரு செயல்திட்டமும் கொண்டது. விளக்கம் தெளிவு, ஆசிரியர்கள் தேர்ந்தவர்கள். ஆனால் நிதி பற்றிய பகுதி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுப்பது, நிறுவனத்தின் மதிப்பைக் கணிப்பது என்று போகிறது. மாமியாரின் வளையலை அடகு வைத்துத் தொடங்கிய தொழிலில் யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று அது சொல்லாது. ஜிஎஸ்டியும் கிடையாது, உணவு உரிமமும் கிடையாது. சான்றிதழ் வேலை தேடுபவருக்கு உதவும். மளிகைக் கடைக்காரர் அதைப் பார்த்துப் பணம் தரப்போவதில்லை.

என்பிடெல் நம் ஐஐடிகளின் முயற்சி. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்: வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. உள்ளடக்கம் கல்லூரி மாணவரை மனதில் வைத்தது. பாக்கி வசூல் அங்கே கோட்பாடாகத்தான் வருகிறது. இருந்தாலும் பணம் கட்டித் தேர்வு எழுதும் அந்தக் கட்டாயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஹார்வர்டும் எம்ஐடியும் இணையத்தில் நடத்திய பாடங்களின் தரவை ஆராய்ந்து 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான கட்டுரையின்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் உறுதி உள்ளவர்கள்தான் பணம் கட்டினார்களா என்பது வேறு விஷயம். வெபினார்காரர்கள் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

என் கேள்விக்கு நேராகப் பதில் வைத்திருந்தது ஹெச்பி லைஃப். ஹெச்பி நிறுவனத்தின் அறக்கட்டளை நடத்தும் இலவசப் பாடங்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் உண்டு. பாடங்கள் சிறியவை, ஒரு மத்தியான வேளையில் ஒன்றை முடித்துவிடலாம். லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்பதை ஒரு சிறு தொழிலின் கதை வழியாகச் சொல்லி, அதைக் கணக்குத் தாளில் போடவும் பழக்குகிறார்கள். கொஞ்சம் பள்ளிக்கூட வாடை அடிக்கிறது. பரவாயில்லை.

சிறியது என்பதால் குறைவு என்று நினைக்க வேண்டாம். டொமினிகன் குடியரசில் சிறுதொழில் செய்வோரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முறையான கணக்கியல் படித்தவர்களைவிட, வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் தனித்தனியே வை என்பதுபோன்ற எளிய விதிகளைக் கற்றவர்களே தங்கள் கணக்கு வழக்கை நன்றாகத் திருத்திக்கொண்டார்கள்.

ஒரு விதிவிலக்கு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடன் வாங்கப் போகிறவர் என் ரசனையை ஒதுக்கிவிட்டு, அத்திட்டம் பயிற்சி கேட்டால் அதைத்தான் முடிக்க வேண்டும். மானியம் அதைப் பொறுத்தது.

அண்ணி ஹெச்பி லைஃபில் பணப்புழக்கப் பாடத்தை மகளை அருகில் வைத்துக்கொண்டு முடித்தார். இப்போது சமையலறை அலமாரியில் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள்: ஒன்று வீட்டுக்கு, ஒன்று பொடிக்கு. பால்காரர் வழியில், பழைய பில் தீராமல் புதுச் சரக்கு இல்லை என்று ஐந்து கடைகளில் சொல்லிப் பார்த்தார். மூவர் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் பருப்புப் பொடியே வேண்டாம் என்றுவிட்டார். ஐந்தாமவர் அண்ணனின் பள்ளித் தோழர். அவரிடம் அண்ணன்தான் பேச வேண்டும், இன்னும் பேசவில்லை.