கொழுப்பு செரிக்க எது: சிரப்பா, பூஞ்சை மாத்திரையா, கேப்ஸ்யூலா?

குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு நாள்பட்ட கணைய அழற்சி. ஆம்பூரில் ஒரு கல்யாண பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால், மறுநாள் மலம் மிதக்கும். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகாது, மேலே எண்ணெய்ப் படலம் நிற்கும். கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது என்று அர்த்தம். டாக்டர் எழுதிய கேப்ஸ்யூல் கிடைக்காத சமயத்தில், "இதுவும் என்சைம்தான்" என்று ஒரு மருந்துக்கடையில் சிரப் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை மாதம் குடித்தார். நான்கு கிலோ இளைத்ததுதான் மிச்சம்.

அந்தச் சிரப்பில் இருந்தவை டயாஸ்டேஸ், பெப்சின் என்ற இரண்டு என்சைம்கள், அதாவது உணவை உடைக்கும் புரதங்கள். ஒன்று மாவுச்சத்தை உடைக்கும், மற்றது புரதத்தை. கொழுப்பின் பக்கமே போகாது. ஆக, சிரப் போட்டியிலேயே இல்லை.

கொழுப்பை உடைக்க லைபேஸ் என்ற என்சைம் வேண்டும். நம் கணையம் சுரக்கும் லைபேஸ், 449 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். அதன் முப்பரிமாண அமைப்பு 1990-இல் வெளியானது. அதில் இரண்டு பகுதிகள். பெரிய பகுதியில் ஒரு குழி. அதற்குள் சீரின், ஹிஸ்டிடின், அஸ்பார்டிக் அமிலம் மூன்றும் சேர்ந்துதான் கொழுப்பை அறுக்கின்றன. குழியின் மேல் ஒரு மூடி உண்டு. தண்ணீரில் இருக்கும்வரை பெரும்பாலும் மூடியே கிடக்கும். கொழுப்புத் துளியின் மேல் போய் உட்காரும்போது திறந்துகொள்ளும். ஆனால் குடலுக்கு வரும் பித்தநீரில் உள்ள பித்த உப்பு அந்தத் துளியைப் போர்த்திக்கொண்டு லைபேஸை அண்டவிடாது. அப்போது லைபேஸின் சின்னப் பகுதியைப் பிடித்துத் துளியோடு சேர்த்து நிறுத்துவது கோலைபேஸ் என்ற குட்டிப் புரதம். இந்தக் கூட்டணியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்த லைபேஸின் பலவீனம் அமிலம். பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4-க்குக் கீழே போனால் கெட்டுவிடும், திரும்பச் சரியாகாது. வயிற்றில் இருப்பதோ அதைவிடக் கடுமையான அமிலம்.

இங்கேதான் பூஞ்சையிலிருந்து எடுத்த லைபேஸ் மாத்திரை முந்துகிறது: அமிலத்தைத் தாங்கும், சைவமும்கூட. ஆனால் சிறுகுடலுக்குப் போனதும் பித்த உப்பிடம் அதன் பலம் குறைந்துவிடுகிறது. வேலை நடக்க வேண்டிய இடமே அதுதானே!

கேப்ஸ்யூலில் இருப்பது பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த என்சைம். கோலைபேஸும் கூடவே வருகிறது. ஒன்றைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்: கேழ்வரகு மாதிரி பழுப்பு உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் அமிலத்தில் கரையாத மேற்பூச்சு. பிஎச் சுமார் 5.5-ஐத் தாண்டிய பிறகு, சிறுகுடலில்தான் கரையும். அதனால் மெல்லக் கூடாது. கணையம் உண்மையிலேயே ஓய்ந்தவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பன்றி என்பதை மறைக்கக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல வீடுகளில் இது பெரிய கேள்வி. சைவக் குடும்பங்களிலும் அப்படித்தான். முதலிலேயே சொல்லி, டாக்டரிடம் மனம்விட்டுப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸில் ஆரம்பிப்பது வழக்கம். சரியான அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"சாப்பிட்டு முடிச்சுட்டு மொத்தமா போட்டுக்கிட்டா என்னடா?" என்று பெரியப்பா கேட்டார்.

"சோறு முன்னாடி போயிடும் பெரியப்பா, மருந்து பின்னாடி போய் என்ன செய்யும்?" என்றேன்.

இப்போது முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. போன வாரம் ஆற்காடு மக்கன் பேடா ஒன்றே ஒன்று சாப்பிட்டார். அதற்கும் மறக்காமல் ஒரு கேப்ஸ்யூல் எடுத்து வைத்துக்கொண்டார்.