லேப்டாப்பும் இரண்டு மானிட்டர்களும்: நான்கு வருட அடாப்டர் அனுபவம்

நான்கு வருடமாக லேப்டாப்பை இரண்டு மானிட்டர்களோடு இணைத்துத்தான் வேலை பார்க்கிறேன். ஒன்று 4கே, இன்னொன்று சாதாரண 1080பி. இதற்காக இதுவரை அடாப்டர், ஹப், கேபிள் என்று ஏழு வாங்கியிருக்கிறேன். இப்போது மேசையில் இருப்பவை மூன்றுதான். மற்ற நான்கும் கெட்டுப்போகவில்லை, இன்றும் நன்றாக வேலை செய்யும். என் லேப்டாப்பின் போர்ட்டால் என்ன முடியும் என்று பார்க்காமல் வாங்கியவை அவை.

முதலில் வாங்கியது யூஎஸ்பி-சியிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்ன அடாப்டர். அப்போதிருந்த லேப்டாப்பில் செருகினேன். மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்றது. கேபிளை மாற்றினேன், டிரைவரைப் புதுப்பித்தேன், ஒரு மாலை முழுக்கப் போனது. அந்த போர்ட்டில் வீடியோவே வராது என்பது பிறகுதான் தெரிந்தது. யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு உள்ள பெயர் மட்டுமே. அதன் வழியாகப் படம் வர ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ வசதியோ (டிஸ்ப்ளேபோர்ட் என்பது ஹெச்டிஎம்ஐ போல இன்னொரு வீடியோ இணைப்பு; அதன் சிக்னலை யூஎஸ்பி-சி வழியாக அனுப்புவதே இந்த வசதி), வீடியோவையும் அனுப்பும் வேகமான வகையான தண்டர்போல்ட்டோ இருக்க வேண்டும். போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, டி, பி எழுத்துகள் இணைந்த டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ இருந்தால் நல்ல அறிகுறி. குறி இல்லாததால் வசதியும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. லேப்டாப்பின் அடியில் உள்ள முழு மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். ஒரே வரிசைப் பெயரில் வரும் இரண்டு லேப்டாப்களுக்குக்கூட போர்ட் வேறுபடும்.

அடுத்த லேப்டாப்பில் ஆல்ட் மோட் இருந்தது. இந்த முறை ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி, சார்ஜிங் எல்லாம் சேர்ந்த ஹப் வாங்கினேன். படம் வந்தது, 4கேவும் வந்தது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு தாவித் தாவிப் போனது. பக்கத்தை உருட்டினால் எழுத்து திக்கித் திக்கி நகர்ந்தது. இரண்டு நாளில் கண் வலித்துவிட்டது. டிஸ்ப்ளே அமைப்பில் போய்ப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது திரை வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. பெட்டியில் ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டவர்கள் ‘30 ஹெர்ட்ஸ்’ என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். வேலை செய்யும் திரைக்கு 30 ஹெர்ட்ஸ் போதவே போதாது.

அதை மாற்றி ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று போட்ட ஹப் வாங்கினேன். அதிலும் 30 ஹெர்ட்ஸ்தான்! காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் இந்த விஷயம் முழுதாகப் பிடிபட்டது. யூஎஸ்பி-சி கேபிளுக்குள் வேகமான தடங்கள் நான்கு. ஹப்பில் யூஎஸ்பி 3 வேகமும் வேண்டுமென்றால் இரண்டு தடம் அதற்குப் போய்விடும், படத்துக்கு மிஞ்சுவது இரண்டே. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 12.5 ஜிகாபிட் தேவை. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 உள்ள லேப்டாப்பில் இரண்டு தடம் தருவது 8.64 ஜிகாபிட். 1.4 என்றால் அதே இரண்டு தடம் 12.96 தரும், மயிரிழையில் போதும். என்னுடையது 1.2. ஹப் மீது தவறே இல்லை. நான்கு தடத்தையும் படத்துக்கே கொடுக்கும் நேரடி யூஎஸ்பி-சி டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் போட்டதும் அதே லேப்டாப், அதே மானிட்டர், 60 ஹெர்ட்ஸ். அன்று வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

லேப்டாப்பிலேயே உள்ள ஹெச்டிஎம்ஐ துளையிலும் இதே கவனம் தேவை. ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கேவுக்கு 30 ஹெர்ட்ஸ்தான். 2.0 இருந்தால் 60 வரும்.

கேபிளுக்குத் திசை உண்டு என்பதை வீணாக வாங்கிய நான்காவது பொருள் கற்றுக்கொடுத்தது. டிஸ்ப்ளேபோர்ட்டில் தொடங்கி ஹெச்டிஎம்ஐயில் முடியும் சாதாரணக் கேபிளைத் திருப்பிப் போட்டால் படம் வராது. லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் தனியே மின்சாரம் எடுத்து இயங்கும் ‘ஆக்டிவ்’ கன்வெர்ட்டர் வேண்டும்.

ஒரே யூஎஸ்பி-சியில் இரண்டு மானிட்டர் வேண்டுவோருக்கு, ஒரே சிக்னலை இரண்டு திரைகளுக்குப் பிரித்துத் தரும் எம்எஸ்டி ஹப் உண்டு. விண்டோஸில் நன்றாக ஓடும். மேக்ஓஎஸ் ஒரே டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை இப்படி இரண்டு தனித் திரைகளாகப் பிரிப்பதில்லை, இரண்டிலும் ஒரே காட்சிதான் வரும். மேலும் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் தாங்கும். அங்கே டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் (ஹப் போன்ற கருவிதான்) கைகொடுக்கும். ஆனால் அது டிரைவர் வழியாகப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் ப்ராசஸருக்கு வேலை கூடும். பதிப்புரிமைக் காப்புள்ள வீடியோ சேவைகளைத் திறந்தால் திரை கறுப்பாகவும் தெரியலாம். எழுத்து வேலைக்கு எடுக்கலாம், வீடியோ எடிட்டிங்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

சார்ஜரை ஹப் வழியாகப் போடுபவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: ஹப் தனக்கென்று 10, 15 வாட் எடுத்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜர் போட்டும் பேட்டரி மெல்ல இறங்கினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

இப்போதைய என் ஏற்பாடு: 4கேவுக்கு அந்த நேரடிக் கேபிள், 1080பிக்கு லேப்டாப்பின் சொந்த ஹெச்டிஎம்ஐ துளையிலிருந்து ஒரு கேபிள், கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஒரு சின்ன யூஎஸ்பி ஹப். படம் போகும் வழியில் எந்த மாற்றுக் கருவியும் நடுவில் நிற்கவில்லை. இரண்டு வருடமாகத் தொந்தரவு இல்லை, ஒன்றைத் தவிர: நாற்காலியிலிருந்து எழுந்தால் 4கே திரை ஒரு வினாடி அணைந்து வரும். தற்செயல் என்றே வெகுநாள் நினைத்தேன். உயரம் மாற்றும் கேஸ் லிஃப்ட் நாற்காலியிலிருந்து எழும்போது நிலைமின்சாரம் உண்டாகும், பாதுகாப்பு உறை சரியில்லாத கேபிள் அந்த மின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் என்று பிறகு படித்தேன். இரண்டு மீட்டர் கேபிளை எடுத்துவிட்டு, தடித்த உறையுள்ள ஒரு மீட்டர் கேபிள் போட்டேன். அதன் பிறகு எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தாலும் திரை அணையவில்லை.