ஃபேரிங் போட்ட 650 சிசி பைக்கைக் கோவையில் வைத்துக் காப்பாற்றுவது

இரட்டைச் சிலிண்டர், முழு ஃபேரிங் (வண்டியைச் சுற்றி மூடுகிற பிளாஸ்டிக் உறை), லிக்விட் கூலிங். கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகையில் எந்த வண்டி வைத்திருந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். வார நாளில் அவிநாசி ரோட்டு டிராஃபிக், லீவு கிடைத்தால் வால்பாறை, திம்பம், கொல்லிமலை என்று வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுகிற சுகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஸ்பேனர் பிடிக்கிற பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சாதா வண்டியில் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை இதில் அரை நாள் பிடிக்கும். காரணம் ஃபேரிங். பிளக்கைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டு, சைடு பேனல், டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் வரிசையாக இறங்க வேண்டும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் இஞ்சினுக்குப் பயப்படுவதில்லை, பிளாஸ்டிக்குக்குத்தான் பயப்படுகிறார்கள். "கிளிப்பு ஒடஞ்சா எங்கிட்ட கேக்கக்கூடாதுங்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். நியாயம்தான். அதனால் பேனல்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கொண்டுபோவேன். நடு ஊசியை அழுத்தினால் விடுபடும் அந்த கிளிப், கார் பம்பருக்குப் போடுகிற அதே ரகம். பழசைக் காட்டிக் கேட்டால் கார் ஆக்சஸரீஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

எல்லாரும் தள்ளிப்போடுகிற வேலை டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற கேமுக்கும் நடுவில் இருக்கிற கேப்பைச் சரிபார்ப்பது. "சத்தமே இல்லீங்களே, எதுக்குங்க தொடணும்?" என்பார்கள். பழைய வண்டிகளில் கேப் கூடும், டக் டக்கென்று சத்தம் வரும், ஸ்க்ரூவைத் திருகினால் முடிந்தது. இந்த மாதிரி இஞ்சின்களில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். வால்வு உட்காரும் சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி, கேப் குறைந்துகொண்டே வரும். சத்தம் அதிகமாகாது, குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசிந்து, வால்வே கருகிப்போகும். ஆகவே காதை நம்பாமல், மேனுவலில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்குத் திறந்து பார்த்துவிட வேண்டும். என் வண்டிக்கு அது 24,000.

இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜை (கேப்பை அளக்கிற மெல்லிய தகடுகள்) விட்டு 8 வால்வையும் அளக்க வேண்டும். அளவு தப்பியிருந்தால் கேம் ஷாஃப்டைக் கழற்றி, வால்வுத் தலையில் தொப்பி மாதிரி உட்காருகிற பக்கெட்டுக்கு அடியில் இருக்கும் ஷிம்மை, அதாவது கேப்பைச் சரிசெய்கிற சின்ன வட்டத் தகட்டை எடுக்க வேண்டும். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக இருக்கும். அதில் போட்டிருக்கிற எண் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும், கோவை கணபதி ஏரியாவில் தெரிந்த லேத்துப் பட்டறைக்கு எடுத்துப்போய் மைக்ரோமீட்டரில் அளந்து வருவேன். இருக்கிற எட்டையே இடம் மாற்றிப் போட்டால் சில வால்வுகளுக்கு அளவு சரியாகிவிடும், மீதிக்கு மட்டும் புதுசு வாங்கினால் போதும். லேத்து அண்ணன், "கொஞ்சம் தேச்சுக் குடுத்தறட்டுமா தம்பி?" என்று கேட்டார். அவர் கைக்குச் சர்ஃபேஸ் கிரைண்டரில் அது பெரிய வேலையே இல்லை. ஆனால் ஷிம்மின் மேல்தோல் கடினப்படுத்தியது, அதைத் தேய்த்துவிட்டு உள்ளே வைக்க எனக்கு மனசு வரவில்லை. வண்டியின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற பேடாக் ஸ்டாண்டை மட்டும் அவரிடம்தான் வெல்டு பண்ணி வாங்கினேன். கடையில் விற்பதைவிடக் கனம், ஆடவே ஆடாது.

அடுத்தது தண்ணீர். இங்கே போர்த்தண்ணி பாதி இடங்களில் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே பாசி மாதிரி அல்ல, பாறையாகவே படியும். சிறுவாணித் தண்ணீரின் ருசியில் எனக்கும் பெருமை உண்டுதான், ஆனால் ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். ரெடிமிக்ஸ் கூலன்ட் மட்டும் போதும். வெளிப்பக்கமும் கவனம் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூசி, சோமனூர் பல்லடம் பக்கம் பஞ்சு, இரண்டும் ரேடியேட்டர் ஃபின்னில் (காற்று புகுகிற மெல்லிய தகடுகள்) பூச்சிகளோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். ஏர் ஃபில்டரையும் மேனுவல் சொல்வதற்கு முன்பே பார்க்க வேண்டியிருக்கிறது. ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டுவிடாதீர்கள். அந்த ப்ரெஷரில் ஃபின் மடங்கிவிடும், கோன் செட்டிலும் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) வீல் பேரிங்கிலும் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். கோன் செட் போனதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நேராக வருகிற இடத்தில் லேசாகக் கடிக்கும்.

பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். அதில் ஊற்றுகிற டாட் 4 ரக ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். ஊருக்குள் ஓட்டும்வரை தெரியாது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி இறங்கும்போதுதான் லீவர் பஞ்சு மாதிரி ஆகும். சரி, இஞ்சின் ஆயில்? டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (JASO MA2, பைக் ஆயிலுக்கான தரக்குறி) என்று இருந்தால் போதும், பிராண்டுச் சண்டை வேண்டாம். கார் ஆயில் மட்டும் கூடாது, கிளட்ச் வழுக்கும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயிலே தாராளம். ஆனால் கண்ணிகளுக்குள் ரப்பர் வளையம் இருக்கிற ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவினால் ரப்பர் கெட்டுவிடும், மண்ணெண்ணெய் அல்லது டீசல்தான்.

டயருக்கு மட்டும் பணம் பார்ப்பதில்லை. சேலம் ஹைவேயில் நேராகவே ஓடி, பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்துவிடும், வளைவில் சாயும்போது அது உடனே தெரியும். வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1425 என்றால் 2025-இன் 14-ஆவது வாரம் தயாரானது. மாட்டுவதற்கு ரோட்டோரப் பஞ்சர் கடை வேண்டாம், கடப்பாரை லீவர் ரிம்மைக் கீறிவிடும். மெஷினில் மாட்டி பேலன்ஸும் பார்த்துத் தருகிற கடைகள் கோவையில் இருக்கின்றன. ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் சக்கரத்தை மட்டும் கழற்றி காரில் போட்டு எடுத்து வருவது நல்லது.