பசுங்கணிகமா, வண்ணக்கணிகமா, வெளிர்கணிகமா?

தாவரச் செல்லுக்குள் உணவு தயாரிப்பது, சேமிப்பது, நிறம் காட்டுவது போன்ற வேலைகளைச் செய்யும் சிற்றுறுப்புகளான கணிகங்களில் எது முக்கியம் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பசுங்கணிகத்தைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். 5 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளமே உள்ள அந்த உறுப்புக்குள், தைலகாய்டு என்ற தட்டையான பைகளின் சவ்வில் இருக்கும் பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது. சுற்றியுள்ள ஸ்ட்ரோமா என்ற திரவத்தில் கரியமில வாயு சர்க்கரையாக மாறுகிறது. சொந்த டி.என்.ஏ.வும் உண்டு. ஆனால் அது பசுங்கணிகத்துக்கு மட்டுமே உள்ள பெருமை இல்லை, மற்ற கணிகங்களிலும் அதே டி.என்.ஏ.தான்.

எனக்குப் பிடித்தது பலரும் கண்டுகொள்ளாத வெளிர்கணிகம். நிறமில்லை, ஒளிச்சேர்க்கை இல்லை, சேமிப்புதான் வேலை. எண்ணெய்க்கு எலையோபிளாஸ்ட், புரதத்துக்குப் புரோட்டீனோபிளாஸ்ட், மாவுச்சத்துக்கு அமைலோபிளாஸ்ட். உருளைக்கிழங்கை பிளேடால் கண்ணாடி போல மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செல்லிலும் முட்டை வடிவ மணிகள் குவிந்திருக்கும், சிப்பி ஓட்டில் இருப்பது போல வரிவரியாக. அப்புறம் ஒரு சொட்டு அயோடின் விட்டால் மணிகள் கருநீலமாகிவிடும். வேர்நுனி மூடியில் இதே மாவு மணிகளுக்கு இன்னொரு வேலை: கனம் தாங்காமல் செல்லின் அடியில் போய்ப் படியும், எந்தப் பக்கம் கீழே என்று வேர் அதை வைத்துத்தான் அறிகிறது.

வண்ணக்கணிகம் உணவு தயாரிப்பதில்லை. கரோட்டினாய்டு என்ற நிறமிகளைச் சேர்த்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறம் காட்டி, மகரந்தம் சுமக்கும் பூச்சிகளையும் விதை பரப்பும் பறவைகளையும் வரவழைக்கிறது. இங்கே மாணவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள்: ரோஜாவின் சிவப்பும் பீட்ரூட்டின் நிறமும் கணிகத்தில் இல்லை, செல்லின் நுண்குமிழியில் கரைந்திருக்கும் சாயங்கள்.

சரி, மூன்றும் தனித்தனி இனங்களா? இல்லை. வளர்நுனிச் செல்களில் உள்ள ஒரே முன்கணிகத்திலிருந்து வந்தவை, ஒன்று மற்றொன்றாகவும் மாறும். தக்காளி பழுக்கும்போது பசுங்கணிகத்தின் தைலகாய்டுகள் சிதைந்து, பச்சையம் அழிந்து, லைக்கோபீன் என்ற சிவப்புக் கரோட்டினாய்டு படிகமாகி, அது வண்ணக்கணிகமாகிறது. வெளிச்சத்தில் கிடந்த உருளைக்கிழங்கு பச்சையாவது வேறு திசை மாற்றம்: அமைலோபிளாஸ்ட் பசுங்கணிகமாகிறது. அந்தப் பச்சையத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் தோலடியில் சோலனைன் என்ற நச்சும் கூடுகிறது. அதனால்தான் பச்சையான பகுதியை ஆழமாகச் சீவி எறியச் சொல்கிறார்கள்.