'மெஷின் ஹெட்'டா, 'பேக் இன் பிளாக்'கா?

ஹார்ட் ராக் இசையில் இப்போதைக்கு ஒரே ஒரு எல்பிதான் (வினைல் இசைத்தட்டு) வாங்க முடியும் என்ற நிலை. கடைசியில் போட்டி ஏசி/டிசி இசைக்குழுவின் 'பேக் இன் பிளாக்'குக்கும் டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்'டுக்கும்தான். நான் வாங்கியது 'மெஷின் ஹெட்'.

இரண்டுமே உலகப் புகழ் பெற்றவை, இரண்டிலும் மறக்க முடியாத ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் குட்டி கிட்டார் மெட்டுகள் உண்டு. அதில் பேச ஒன்றுமில்லை.

'பேக் இன் பிளாக்' வந்தது 1980 ஜூலையில். அந்த பிப்ரவரியில்தான் பாடகர் பான் ஸ்காட் இறந்திருந்தார். அவருக்கான துக்கம்தான் அந்தக் கறுப்பு அட்டை. புதிதாக வந்த பிரையன் ஜான்சன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுகிறார். ஃபில் ரட் டிரம்ஸில் தேவைக்கு மேல் ஒரு அடிகூட அடிப்பதில்லை. முதல் தடவை கேட்பவரையே கட்டிப்போடும் ஆல்பம். ஆனால் அந்த முதல் தடவையிலேயே அது தன்னிடம் இருப்பதை எல்லாம் கொடுத்துவிடுகிறது என்பது என் எண்ணம். பத்தாவது தடவையும் அதே இன்பம்தான், புதிதாக ஒன்றும் இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்: திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன மிஞ்சும்?

'மெஷின் ஹெட்' பதிவானது 1971 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில். பதிவு செய்ய நினைத்திருந்த கசினோ, ராக் இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவின் கச்சேரியின்போது எரிந்துபோனது. அடுத்துப் பிடித்த அரங்கில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். கடைசியில் குளிர்காலத்துக்காக மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சாத்தி வைத்து வாசித்தார்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் இருந்ததோ வெளியே நின்ற, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு வண்டியில். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க அறைகளையும் பால்கனிகளையும் தாண்டிப் போக வேண்டும். அதனால் அடிக்கடி போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அந்தக் கூடி வாசிக்கும் வேகம் பாடல்களில் அப்படியே இருக்கிறது.

ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்டை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை கேளுங்கள். ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டதால் அது கிட்டார் மாதிரியே உறுமும். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தொடக்கத்தில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாக வரும். அப்புறம் ஹை-ஹாட்டும் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத் தட்டு) ஆர்கனும், பிறகு முழு டிரம்ஸ், அதற்கும் பிறகுதான் பேஸ் கிட்டார். எத்தனையோ முறை கேட்ட ரிஃப்தான், ஆனால் ஒவ்வொரு அடுக்காக ஏறுவதைக் கவனித்தால் அது வேறு பாட்டு. 'ஹைவே ஸ்டார்' பாட்டில் முதலில் ஆர்கன் தனி ஆவர்த்தனம், பிறகு கிட்டார். 'லேஸி' பாட்டில் நாலு நிமிடத்துக்கு மேல் வாத்தியங்கள் மட்டுமே பேசும், பாடகர் இயன் கில்லன் அதற்கப்புறம்தான் வாய் திறப்பார். 'பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்' பாட்டில் ரோஜர் குளோவரின் பேஸுக்குக்கூட தனி இடம் உண்டு. இன்று ஆர்கன், நாளை இயன் பெய்ஸின் டிரம்ஸ் என்று ஒரே தட்டை மாற்றி மாற்றிக் கேட்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. ஹிட்டாகும் என்று நம்பி முதல் சிங்கிளாக (தனிப் பாட்டுத் தட்டாக) விட்ட 'நெவர் பிஃபோர்'தான் இதில் எனக்குச் சுமாராகப் படுகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'பேக் இன் பிளாக்'கை சிடியிலும் போனிலும்தான் கேட்டிருக்கிறேன், எல்பியில் கேட்டதில்லை. அதனால் தட்டின் ஒலித்தரத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட மாட்டேன். காரில் போட, நாலு பேர் கூடிய இடத்தில் போட என்றால் தயங்காமல் ஏசி/டிசி வாங்குங்கள்.

'மெஷின் ஹெட்' வாங்குபவர்கள் எந்தக் கலவை (பதிவான குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து அமைத்த மிக்ஸ்) என்று பார்த்து வாங்குங்கள். 1997இல் வந்த 25ஆம் ஆண்டு சிடி பதிப்பில் குளோவரின் புதிய கலவையும் இருக்கிறது. அதில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் கிட்டார் தனி ஆவர்த்தனமே வேறு. கேட்க அருமைதான், ஆனால் முதலில் கேட்க வேண்டியது, 1972இல் ஆல்பம் வந்தபோது இருந்த பழைய கலவை.