புகையான் படம் எடுக்க ரெண்டு கேமரா: டிஜி-6ஆ, ஜி7 எக்ஸா?

போன சம்பாவுல மன்னார்குடி பக்கம் எங்க வயல்ல நெல் பயிர் வட்ட வட்டமா புகைஞ்ச மாதிரி காய ஆரம்பிச்சிச்சு. புகையான் பூச்சிதான்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா தூர்ல இருக்குறது அதுவா, வெண்முதுகு தத்துப்பூச்சியான்னு பாக்காம மருந்தடிக்க எனக்கு மனசு வரல. பூச்சி மொத்தமே 3, 4 மில்லிமீட்டர்தான். மச்சான்கிட்ட கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 இருந்துச்சு, நான் செகண்ட் ஹேண்ட்ல ஒலிம்பஸ் டிஜி-6 வாங்குனேன், அறுப்பு வரைக்கும் ரெண்டையும் மாத்தி மாத்தி எடுத்தோம்.

படத்தோட தரம்னா கேனான்தான். 1 இன்ச் சென்சார், டிஜி-6ல உள்ளதை விட நாலு மடங்கு பரப்பு. கல்யாணம், கோயில் திருவிழான்னு எடுக்குறவங்க அதையே வாங்குங்க. ஆனா அது 5 சென்டிமீட்டர் வரைக்கும்தான் கிட்ட போகும், அதுவும் சூம் போடாம. சூமை முழுசா போட்டா 40 சென்டிமீட்டர் தள்ளணும். டிஜி-6ல மைக்ராஸ்கோப் மோடு வச்சா லென்சுலேர்ந்து 1 சென்டிமீட்டர்லயே ஃபோகஸ் ஆகுது, சூம் போட்டும் எடுக்கலாம், முதுகுல வெள்ளைப் பட்டை இருக்கா இல்லையான்னு திரையிலயே பாத்துடலாம்.

ஆனா நான் டிஜி-6 பக்கம் சாஞ்சதுக்கு காரணம் சேறு. புகையான் இலையில உக்காராது, தண்ணிக்கு கொஞ்சம் மேல தூர்லதான் அப்பிக்கிட்டிருக்கும், அதைப் படம் புடிக்கணும்னா பயிரை விலக்கிட்டு கேமராவைத் தண்ணியோட ஒட்டிப் புடிக்கணும், கை வழுக்குனா போச்சு. ஜி7 எக்ஸ்ல லென்ஸ் வெளிய நீண்டு உள்ள போற மாதிரி, அந்த இடுக்குல ஒரு பொட்டு சேறு போதும். முன்னாடி நான் வச்சிருந்த வேற ஒரு காம்பாக்ட் இப்படித்தான் அறுப்பு நேரத்துல களத்துத் தூசி ஏறி லென்ஸ் பாதியில மாட்டிக்கிச்சு, ரிப்பேருக்குக் கேட்ட காசுல பழைய கேமராவே வாங்கலாம். டிஜி-6ல லென்ஸ் வெளியவே வராது, 15 மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணி தாங்கும்னு கம்பெனிக் கணக்கு, வயலை விட்டு ஏறுனதும் போர் தண்ணியில காட்டி அலசிடுவேன். ஒண்ணே ஒண்ணு, பேட்டரி மூடியில இருக்குற ரப்பர்ல ஒரு முடியோ மண்ணோ ஒட்டியிருந்தாலும் தண்ணி இறங்கிடும், அதனால நல்லா துடைச்சுட்டு வீட்டுல வச்சுத்தான் திறக்கணும். ஆத்துல முக்கியெல்லாம் நான் எடுத்ததில்ல, அந்த ரப்பர் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு ஒரு சீசன் அனுபவத்துல சொல்லவும் முடியாது.

1 சென்டிமீட்டர் கிட்ட போனா கேமராவோட நிழலே பூச்சி மேல விழுந்துடும், பயிருக்குள்ள ஏற்கனவே இருட்டு. டிஜி-6 வாங்குறவங்க எல்ஜி-1 லைட் கைடையும் சேத்து வாங்கிடுங்க, லென்சைச் சுத்தி மாட்டுனா கேமராவுல உள்ள எல்இடி வெளிச்சத்தை வளையமா பரப்பிக் குடுக்கும். அது வந்த அப்பறந்தான் எனக்கு ஒழுங்கா ஒரு படம் விழுந்துச்சு, பட்டை இல்ல, புகையானேதான், அன்னைக்கே தண்ணியை வடிச்சோம்.